திக்கற்ற பிள்ளையின் அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம். எங்கள் சபையில் ஓர் அமெரிக்கக் குடும்பம், ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் உண்டு, இப்போது மகாராஷ்டிராவிலிருந்து ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்கிறார்கள். உதட்டுப் பிளவுக்கு அறுவை சிகிச்சை நடந்த பிள்ளை. இரண்டு வருடம் ஜெபித்துக் காத்திருந்தார்கள். செலவுக்காகச் சபையில் ஒரு காணிக்கைக் கூட்டம் வைக்கிறார்கள். நீ இந்தியாக்காரி, நீதான் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊரான கிரெஸ்வெலில் இருந்த ஹோல்ட் குடும்பம் கொரியாவிலிருந்து எட்டுப் பிள்ளைகளை எடுத்து வளர்த்த கதையைப் பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னபோது அழுதுவிட்டேன். தெருவில் கிடந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளையைக் கர்த்தர் எவ்வளவு தூரம் கொண்டுவந்து காப்பாற்றுகிறார்! இந்தியாக்காரியாக எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

இந்தப் பணத்தில் இந்தியாவில் ஒரு ஹாஸ்டலையே நடத்தலாம் என்கிறார் என் கணவர். என் கேள்வி வேறு. பிள்ளையின் பெயரை மாற்றி வேதாகமப் பெயர் வைக்கப் போகிறார்கள். அது சரியா? நான் ஏதாவது சொல்லலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயர் தெரியும். அதையே கேட்கச் சொல்லுங்கள். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும், புதுப் பெயர் பிடித்திருந்தால் பழையதை நடுப்பெயராகவாவது விட்டுவைக்கட்டும். மோசேக்குப் பெயர் வைத்தவள் பார்வோனின் மகள்தான், வேதத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

உங்கள் கணவரின் கணக்கு எனக்குப் புதிதல்ல. ஒருவர் ஒரு பிள்ளைக்குச் செய்யும்போது, அதை வைத்துப் பத்துப் பிள்ளைக்குச் செய்யலாமே என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்துக்கும் செய்வதில்லை. அவர் செய்கிறவர் என்றால் என்னை மன்னிக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. "தெருவில் கிடந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளை." யார் சொன்னது உங்களுக்கு? அந்தப் பிள்ளை தெருவிலிருந்து நேராக விமானம் ஏறவில்லை. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, பெற்றவர்கள் ஒப்படைத்த பிள்ளையென்றால் அவர்கள் மனம் மாற 60 நாள் கொடுத்து, கைவிடப்பட்ட பிள்ளையென்றால் வீட்டாரைத் தேடிப் பார்த்து, தத்துக்கு விடலாம் என்று சான்று கொடுத்திருக்க வேண்டும். இந்தியாவுக்குள் எடுப்பார் இல்லை என்ற பிறகுதான் அது வெளிநாட்டுக் குடும்பத்துக்குப் போகும். அதுவரை அந்தப் பிள்ளைக்கு யாரோ சோறு ஊட்டியிருக்கிறார்கள். உதட்டுக்கு அறுவை சிகிச்சை செய்ய யாரோ ஆஸ்பத்திரியில் ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆயாவை ஒரே வரியில் அழித்துவிட்டீர்களே. நாசரேத்காரி நீங்கள், விடுதிகளைப் பார்த்து வளர்ந்தவர்.

வெட்கப்படத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பற்றி, அதாவது தேவன் நம்மைத் தத்தெடுப்பதைப் பற்றி, ரோமர் எட்டாம் அதிகாரத்திலிருந்து நம் ஆலயங்களில் எத்தனை பிரசங்கம்! ஆனால் 1956இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1890ஆம் வருடத்துச் சட்டப்படி காப்பாளர் ஆகத்தான் முடிந்தது, அப்பா அம்மா ஆக முடியவில்லை. 2000இல் வந்த சிறார் நீதிச் சட்டமும் 2006இல் அதில் செய்த திருத்தமும்தான் அதை மாற்றின. சட்டம் வந்த பிறகும் என்ன? நிறம் விசாரிக்கிறோம், என்ன சாதிப் பிள்ளையோ என்று விசாரிக்கிறோம். பிளந்த உதடோடு ஒரு பிள்ளையைக் காட்டினால் "வேற பார்க்கலாமா" என்று கேட்ட சபை மூப்பர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் சபைக் குடும்பம் அந்தப் பிள்ளையை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இனி நான் எழுதப்போவது எதுவும் அவர்கள் அன்பைக் குறைத்துச் சொல்வதல்ல.

ஹோல்ட் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்கள் கடிதத்தை உடனே எடுத்தேன். ஹாரி ஹோல்ட் விவசாயி, மர வியாபாரமும் செய்தவர். மனைவி பெர்த்தா நர்ஸ் படித்தவர். ஆறு பிள்ளைகள். 1954இல், நீங்கள் இருக்கும் யூஜீனில்தான், வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய பாப் பியர்ஸின் படத்தைப் பார்க்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அனாதை இல்லங்களில் கிடப்பதைக் காட்டிய படம். சட்டம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகளைத்தான் அனுமதித்தது. அவர்களுக்கு எட்டு வேண்டும். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1955இல் தனிச் சட்டமே போட்டது. கொரியாவுக்குப் போகும் வழியில் ஹாரி வேதாகமத்தைத் திறந்தபோது ஏசாயா 43 கிடைத்தது, கிழக்கிலிருந்து உன் சந்ததியை வரப்பண்ணுவேன் என்ற வசனம். அதைப் பிடித்துக்கொண்டு போனார். 1964இல் கொரியாவிலேயே இறந்தார், அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய மனதைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் பாஸ்டர் கதையை எட்டுப் பிள்ளைகளோடு நிறுத்திவிட்டார். அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். விண்ணப்பித்த தம்பதிகள் கொரியாவுக்கு வராமலேயே அவர்கள் சார்பில் ஹோல்ட் தத்தெடுத்துக் கூட்டிவந்தார். முக்கியமாகக் கேட்டது, நீங்கள் இரட்சிக்கப்பட்டவர்களா என்பது. சமூகப் பணியாளர்கள் எச்சரித்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று ஹோல்ட் பக்கத்தார் தள்ளிவிட்டார்கள். போரில் பிறந்த பிள்ளைகள் குறைந்த பிறகும் அனுப்புவது நிற்கவில்லை. கல்யாணம் ஆகாத அம்மாக்களின் பிள்ளைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று தொடர்ந்தது. 1985இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் சொன்னதைப் படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் வளர்ந்த 367 பேர் முறையிட்டிருந்தார்கள். முதல் கட்டமாக 56 பேரின் உரிமை மீறப்பட்டது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டது ஆணையம். அம்மா அப்பா உயிரோடு இருந்த பிள்ளைகளுக்கு, யாருமில்லாதவர் என்று தனிக் குடும்பப் பதிவேடு எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை செத்துப்போனால் அதன் காகிதத்தில் இன்னொரு பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அம்மாக்களைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை வந்ததா? உங்கள் கடிதத்தில் வரவில்லை. கூட்டத்தில் யாக்கோபு நிருபம் வாசிப்பார்கள், பந்தயமே கட்டலாம். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்" என்ற வசனம். எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அதில் பிள்ளை தனியாக நிற்கவில்லை, தங்கச்சி. பக்கத்திலேயே விதவை நிற்கிறாள். அந்தப் பிள்ளையின் அம்மா அவள். அப்பா செத்தாலே வேதத்தில் பிள்ளை திக்கற்றது, அம்மா இருக்கக்கூடும். இரண்டு பேரையும் சேர்த்து விசாரி என்று யாக்கோபு எழுதுகிறார். நாம் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு வந்து சாட்சி சொல்கிறோம்.

என் அம்மா போர்டிங்கில் வளர்ந்தவள். தாத்தா பனையிலிருந்து விழுந்து இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பாட்டியால் நாலு பேருக்கு கஞ்சி ஊற்ற முடியாமல் இவளை ஒரு மிஷன் போர்டிங்கில் சேர்த்தாள். பார்க்க விடும் சனிக்கிழமைகளில் பாட்டி நடந்தே வருவாள். ஓலைக்கொட்டானில் கருப்பட்டியும் அவித்த பனங்கிழங்கும் இருக்கும். வாசல் வேப்பமரத்தடியில் மகளை மடியில் கவிழ்த்துப் போட்டு, சாயங்காலம் மணி அடிக்கும்வரை பேன்சீப்பால் வாரிக்கொண்டே இருப்பாளாம். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்களாம். அம்மாவுக்குப் பணம் அனுப்பிய வெளிநாட்டுக்காரருக்குப் போன அட்டையில் "அனாதை" என்று எழுதியிருந்தது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதியவர் கெட்டவர் இல்லை. அப்படி எழுதினால்தான் காசு வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லில் என் பாட்டி இல்லாமல் போனாள். அந்த நேரத்தில் யாராவது விமான டிக்கெட்டோடு வந்திருந்தால் அட்டையை நம்பி என் அம்மாவைக் கொண்டுபோயிருப்பார்கள். நல்ல மனதோடுதான் கொண்டுபோயிருப்பார்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. சில வருடங்களுக்கு முன் நெதர்லாந்தில் வளர்ந்த ஒரு பெண் தன் அம்மாவைத் தேடிச் சென்னைக்கு வந்தாள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் போன பிள்ளை. அவள் வைத்திருந்த காகிதம் ஒரே ஒரு பக்கம், ஆங்கிலத்தில் டைப் அடித்தது. என் பிள்ளையின் மேல் எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை, வெளிநாட்டில் தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. அடியில் ஊதா மையில் இடது கைப் பெருவிரல் ரேகை, கொஞ்சம் இழுபட்டு. கைநாட்டு வைக்கிறவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம்! வடசென்னையில் அந்தத் தெருவைக் கண்டுபிடித்தோம். அம்மா இறந்துபோயிருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் இருந்தாள். "ஆஸ்டல்ல வுட்டிருக்கேன், பத்தாவது முடிச்சா அனுப்பிடுவாங்கன்னு சொல்லிக்கினே இருந்துச்சும்மா" என்றாள். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை. விரல் விட்டு வருடத்தை எண்ணினாள். "பத்தாவது முடிக்கிற வயதில் நான் அங்கே குதிரை ஏறக் கற்றுக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அவளை வளர்த்தவர்களும் சபைக்குப் போகிறவர்கள்தான். அவள் அவர்களை நேசிக்கிறாள், அதையும் சொல்ல வேண்டும்.

விடுதியில் விடுவது நம் ஊரில் பிள்ளையைக் கைவிடுவது இல்லை. விட்டுவிட்டு சனிக்கிழமை போய்ப் பார்ப்பது. அந்த அம்மா அதை நினைத்துத்தான் விரலை அமுக்கினாள். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்து 1984இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது இப்படிப்பட்ட சம்மதங்களுக்காகவும்தான். அதன் பிறகும் சென்னைக் குடிசைப் பகுதிகளில் பிள்ளைகளைத் திருடி வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பியது 2005இல் வெளியே வந்தது. இப்போது விதிகள் கடுமை, ஆன்லைன் பதிவு, எல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் காகிதத்தைக் கேட்பதை நிறுத்தக் கூடாது.

சரி, கூட்டத்துக்குப் போங்கள். பேசுங்கள். இந்தியாவின் சார்பாக அழவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை முதல் பத்து வசனமும் வாசியுங்கள். குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட நாணற்பெட்டியோடு நிறுத்தினால் அது காப்பாற்றிய கதை. அக்காள்காரி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஓடிப்போய்ப் பெற்ற அம்மாவையே அழைத்து வருகிறாள், பார்வோன் மகள் அவளுக்குச் சம்பளம் கொடுத்துப் பிள்ளையை வளர்க்கச் சொல்கிறாள். வேதத்தில் வரும் பெரிய தத்தெடுப்பு அது. வளர்த்த அம்மாவும் பெற்ற அம்மாவும் ஒரே பிள்ளைக்கு இருந்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியை அழிக்கவில்லை. விமான நிலையத்தில் ஒரே மாதிரி டி-சர்ட் போட்டு வரவேற்று வீடியோ எடுக்கப் போகிறார்கள் என்றால், பிள்ளை மிரண்டுபோகும், வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

தத்தெடுக்கிற அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை ஒப்படைக்கப்பட்டதா கைவிடப்பட்டதா, அண்ணன் தங்கை உண்டா, வீட்டாரைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் வாங்கட்டும். பதினெட்டு வயதில் பிள்ளை தன் வேரைத் தேட நம் விதிகளில் இடம் இருக்கிறது, ஆனால் தேடுவதற்குக் காகிதம் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றையும் உடனே வாங்கச் சொல்லுங்கள். 2000இல் வந்த சட்டம், அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரியில் பதினெட்டைத் தாண்டியிருந்த தத்துப்பிள்ளைகளை விட்டுவிட்டது. அங்கேயே வளர்ந்து, மொழியே தெரியாத ஊருக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதை நீங்களே செய்யலாம். யூஜீனில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மராத்தி பேசுகிறவர் யாராவது இருப்பார். இப்போதே தேடிப் பிடியுங்கள். முதலில் பிள்ளை வீட்டில் என்ன மொழி பேசுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள், மகாராஷ்டிரா என்றால் மராத்தி என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். பிள்ளை வந்து இறங்கும் முதல் இரண்டு வாரம் அவர் தினமும் வந்து போகட்டும். வயிறு வலிக்கிறது, ராத்திரி விளக்கை அணைக்காதே என்று சொல்ல அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அன்புடன்,
அக்கா