உறவுக்காரர் கல்யாணத்துக்கு உங்கள் நகை ஏன் அடகில் இருக்கிறது?

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ரிசப்ஷன்களுக்கு உணவு மேசை அலங்காரம் செய்கிறேன். பழச் செதுக்கல், இனிப்பு மேசை, வெல்கம் டிரிங்க், இளநீர் வண்டி எல்லாம். வருடத்துக்கு 14 விசேஷம், அதில் 5 சொந்தக்காரர்களுடையது. கணவர் மில் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. ஆனால் முகூர்த்த மாதம் வந்தாலே நகை வைத்துத்தான் சாமான் வாங்குகிறேன், கடன் 2,20,000 ஆகிவிட்டது. மாதம் 2,000 ரூபாய்க்கு போனிலேயே டிஜிட்டல் தங்கம் வாங்கிச் சேர்த்தால் நகையை மீட்டுவிடலாமா?"

வேண்டாம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு இருக்கிற தங்கத்தை வைத்துவிட்டு, 3 சதவீதம் ஜிஎஸ்டி கட்டிப் புதுத் தங்கம் வாங்குவது எந்தக் கணக்கிலும் வராது. அதுவும் இந்த டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. அந்த 2,000 ரூபாயை அடகுக் கடனில் கட்டுங்கள்.

ஆனால் உங்கள் சிக்கல் தங்கம் இல்லை, அந்த 5 கல்யாணம்தான். கடிதத்தோடு அனுப்பிய, ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தின் செலவுச் சீட்டைக் கூட்டிப் பார்த்தேன். பழம் 11,000, பூவும் இலையும் 6,000, செதுக்குகிற மாஸ்டர் இரண்டு பேருக்கு 5,000, உதவிக்கு நான்கு பேர் 4,000, வண்டி 3,000, ஐஸும் உடைந்த கண்ணாடி ஜாடிகளும் 3,000. ஆக 32,000 ரூபாய் கையிலிருந்து போகிறது. வந்தது 15,000, மீதி "மொய் எண்ணினதும் தர்றோம்" என்ற பேச்சோடு சரி. ஒன்றுக்கு 17,000 என்றால் ஐந்துக்கு 85,000. நகை வட்டி மாதம் 2,200, வருடத்துக்கு 26,400. மற்ற 9 விசேஷத்தில் தலா 14,000 நின்றால் 1,26,000. கழித்துப் பாருங்கள், வருடம் முழுக்க ராத்திரி கண்விழித்ததற்கு மிச்சம் 14,600 ரூபாய். மாதத்துக்கு 1,200 சொச்சம். எனக்கே மனசு கேட்கவில்லை.

மேடை போடுகிறவர் கடன் சொல்லலாம், அவருடைய இரும்பு பிரேமும் துணியும் அடுத்த மண்டபத்துக்குப் போகும். உங்கள் முதல் அப்படி இல்லை. சாயங்காலம் செதுக்கி வைத்த தர்பூசணி ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் விட்டுச் சாய்ந்துவிடுகிறது, அன்னாசி கசிந்து மேசைத்துணி நனைகிறது, அதை மறுநாள் யாருக்கும் விற்க முடியாது. அப்படிப்பட்ட சரக்கைக் கடனுக்குக் கொடுக்கவே கூடாது, பங்காளி வீடானாலும் சரி. ஆடியிலும் மார்கழியிலும் ஒரு ஆர்டர் வராது, வட்டி மட்டும் தவறாமல் வரும்.

சொந்தத்தில் முகம் முறியுமே என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. அதனால் உழைப்பை விட்டுக்கொடுங்கள், சரக்கை விடாதீர்கள். பழம், பூ, ஆள் கூலி, வண்டி எல்லாவற்றுக்குமான தொகை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்துவிட வேண்டும், உங்கள் கூலி மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொய் நோட்டில் 2,001 தனியாக எழுதிவிடுங்கள், அது நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். தொகை அதிகம் என்று முனகினால் இறக்குமதிப் பழத்தை எடுத்துவிட்டு, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, ஒப்பிட்டு (போளி), கச்சாயம் என்று நம் ஊர்ப் பலகாரம் வைத்த மேசையாகக் குறைத்துக் கொடுங்கள். நம் ஊர்க் கூட்டம் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.

இந்த 85,000 இழப்பு நின்றாலே வட்டி போக வருடத்துக்கு 1 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் இருக்கும், ஏறக்குறைய பாதிக் கடன் ஒரே வருடத்தில் தீரும். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் 5,000, 10,000 என்று அசலில் கட்டிக்கொண்டே வாருங்கள்.

வைகாசியில் சின்ன மாமனார் மகள் கல்யாணம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பேசத் தயங்கினால் கணவரைப் பேசச் சொல்லுங்கள், இந்த வாரமே. 32,000 வந்து சேரும்வரை மேட்டுப்பாளையம் சந்தைக்குக் கிளம்ப வேண்டாம்.