பிரேக் பேடை மாற்றியும் பிரேக் சரியாகவில்லையா?

பைக் டிஸ்க் பிரேக் பற்றி வந்த வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்களில் பழி பேடின் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் பட்டை) மேல்தான் விழுந்திருக்கிறது. ஆனால் கோளாறு பல சமயம் பேடுகளைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரிலோ பிரேக் ஆயிலிலோதான் இருக்கிறது.

கேள்வி: என் 150 சிசி பைக்கின் முன் பிரேக்குக்குப் பேடு கேட்டால், கடையில் மூன்று விலையில் மூன்று எடுத்துப் போடுகிறார்கள். எதை வாங்குவது?
(வாசகர், நாமக்கல்)

பதில்: முதலில், வண்டியோடு வந்த பேடு எந்த வகை என்று பாருங்கள். தினசரி ஓட்டும் பைக்குகளில் பெரும்பாலும் ஆர்கானிக் பேடு இருக்கும். நார்களையும் உராய்வுப் பொடிகளையும் ரெசின் கொண்டு இறுக்கிச் செய்வது. டிஸ்க்கை அதிகம் அரிக்காது, சத்தமும் குறைவு. சீக்கிரம் தேயும், கடும் சூட்டில் பிடிப்பு குறையும். இன்னொரு வகை சின்டர்டு. உலோகப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்துச் செய்வதால் மழையிலும் மலைப்பாதையிலும் நன்றாகப் பிடிக்கும், நாளும் உழைக்கும். ஆனால் அதைத் தாங்குகிற டிஸ்க் வேண்டும். ஆர்கானிக்குக்கு என்று செய்த டிஸ்க்கில் அதைப் போட்டால் டிஸ்க் வேகமாகத் தேயும். பேடில் மிச்சம் பிடித்த பணம் டிஸ்க்கில் போய்விடும். ஊருக்குள் ஓட்டும் 150 சிசி வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அதே வகையே போதும் என்பது எங்கள் முடிவு.

சில பேடுகளின் பின்தகட்டில் எஃப்எஃப், ஜிஜி, எச்எச் என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வையும் இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ள உராய்வையும் காட்டும். எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். பேடு எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்துகள் சொல்லாது. எச்எச் போட்டால் வண்டி கட்டாயம் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்றும் இல்லை. டயருக்குத் தரையில் பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் பிரேக் பிடிக்கும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் சட்டென்று கடிக்கும் பேடு, ஈரத் தரையில் முன்சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும்.

பேடின் வடிவம் காலிப்பரைப் பொறுத்தது. ஒரே பெயருள்ள பைக்கிலேயே வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறியிருக்கலாம். அதனால் பழைய பேடைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பின்தகடு வளையாமல் இருக்கிறதா, உராய்வுப் பொருள் தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கிறதா, இரண்டு பேடும் ஒரே கனமா என்று பாருங்கள். விளிம்பை நகத்தால் கீறினாலே உதிர்கிறது என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பேடு மாற்ற வேண்டும்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள். கனத்தைப் பாருங்கள். செல்போன் டார்ச்சை அடித்துக் காலிப்பரின் இடைவெளி வழியே பார்த்தால் டிஸ்க்கின் இரு பக்கமும் பேடு தெரியும். பின்தகட்டைச் சேர்க்காமல் உராய்வுப் பொருளை மட்டும் கணக்கிடுங்கள். 2 மி.மீ. ஆகிவிட்டால் புதிது வாங்கி வையுங்கள். 1 மி.மீ. என்றால் அதோடு ஓட்டக் கூடாது. பேடில் வெட்டியிருக்கும் கோடு மறைந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சில பைக்குகளுக்கு வரம்பு வேறாக இருக்கும், வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். கரகரவென்று இரும்புச் சத்தம் வரும்வரை காத்திருந்தால் பின்தகடு டிஸ்க்கை உழுதிருக்கும்.

ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவும் ஒரு தகவல் சொல்லும். பேடு தேயத் தேய, காலிப்பருக்குள் இருந்து அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால் மட்டம் மெதுவாகக் குறைவது இயல்பு. பேடு கனமாக இருக்கும்போதே மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது, உடனே காட்டுங்கள். மட்டம் குறைந்ததைப் பார்த்ததும் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட வேண்டாம். பிறகு புதுப் பேடு போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே வழிந்து டாங்கின் பெயின்டைத் தின்றுவிடும்.

கேள்வி: ஒரு பேடு தகடு வரை தேய்ந்துவிட்டது, மற்றது பாதி இருக்கிறது. “மட்டமான பேடு” என்று மெக்கானிக் சொல்லி, புது ஜோடி போட்டார். நான்கே மாதத்தில் மறுபடியும் அதே கதை. ஏன்?
(வாசகர், கரூர்)

பதில்: பேடைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் காலிப்பர் நகரவில்லை. பெரும்பாலான பைக்குகளில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். லிவரை அழுத்தினால் பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை டிஸ்க்கில் அழுத்தும், அந்த எதிர்விசையில் முழுக் காலிப்பரும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து மறுபக்கப் பேடையும் இழுத்துவந்து அழுத்தும். பின்னில் கிரீஸ் காய்ந்தோ, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்து துரு ஏறியோ போனால் காலிப்பர் நகராது. ஒரு பேடே முழு வேலையையும் செய்து தேயும். பேடு ஒரு முனையில் மட்டும் ஆப்பு போலச் சரிவாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம்.

பிஸ்டன் திரும்ப உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டாலும் இதே விளைவுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுள்ள ரப்பர் சீல்தான் லிவரை விட்டதும் அதைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறது. பிஸ்டனில் சேறும் துருவும் படிந்தால் அந்த இழுப்பு போதாது. பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், வண்டியைத் தள்ளினால் கனக்கும், ஓட்டிவந்ததும் டிஸ்க் அளவுக்கு மீறிச் சுடும் (கையை வைத்துப் பார்க்காதீர்கள், அருகில் கொண்டுபோனாலே தெரியும்).

மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: இரண்டு ஸ்லைடு பின்னையும் கழற்றித் துடைத்து, காலிப்பருக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசி, கிழிந்த உறையை மாற்ற வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊதிப்போய் பின் முன்னைவிட இறுகும். வேலை முடிந்ததும் காலிப்பர் கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு நகர வேண்டும்.

கேள்வி: வீட்டிலேயே பேடு மாற்ற முடியுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: சரியான ஸ்பானரும் அலன் கீயும் பொறுமையும் இருந்தால் முடியும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் அல்லது அசையாமல் நிறுத்துங்கள். பேடைத் தாங்கும் பின்னை, காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்துங்கள். கழற்றிய பிறகு கையில் பிடித்துக்கொண்டு தளர்த்துவது கஷ்டம். பிறகு காலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

பழைய பேடை எடுத்ததும் வெளியே தெரியும் பிஸ்டனைப் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்து துடையுங்கள். இதை விட்டுவிட்டு அப்படியே தள்ளினால் அழுக்கு சீலுக்குள் போகும். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி போட்டு, பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பேடு வெளியே இருக்கும்போது யாரும் லிவரைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்துவைத்தால் திரும்பப் போடும்போது குழப்பம் வராது. பேடை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். போல்ட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்குங்கள், அளவுக்கு மீறினால் மரை போகும்.

எல்லாம் பூட்டியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன் லிவரைப் பலமுறை அழுத்துங்கள். முதல் அழுத்தங்களில் லிவர் ஹேண்டில்பார் வரை போகும், பிஸ்டன் பேடைத் தொட்டபின்தான் இறுகும். இதை மறந்து வண்டியை எடுத்தவருக்கு முதல் சந்திப்பில் பிரேக்கே இருக்காது. கடைசியாக ஆயில் மட்டம் சரியா என்று பார்த்து மூடியைப் போடுங்கள்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15-க்கு, நிதானமான அழுத்தத்தில், முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டு, பத்துப் பதினைந்து முறை குறையுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய சீரான படலமாகப் படியும். தேய்ந்த டிஸ்க்கின் மேடுபள்ளத்துக்கும் பேடு பொருந்திவரும். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் செய்து செயின் ஸ்பிரே அடித்தார்கள். அன்றிலிருந்து பின் பிரேக் கீச்சிடுகிறது, பிடிக்கவும் இல்லை.
(வாசகர், மதுரை)

பதில்: ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருக்கிறது. டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தமான துணி கொண்டு துடையுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ கூடாது, எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். பேடு எண்ணெய் குடித்துவிட்டால் மீட்க முடியாது. அடுப்பில் சுட்டு எடுக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், புது ஜோடி போடுங்கள். எண்ணெய் படாமல், வெறும் மேற்பரப்பு மினுமினுப்பாகிக் கீச்சிட்டால் மட்டும், சமதளத்தில் எமரித் தாளை வைத்து லேசாகத் தேய்க்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் எடுங்கள், அது நுரையீரலுக்கு ஆகாது. கழுவிய மறுநாள் காலை டிஸ்க்கில் தெரியும் செம்மண் நிறத் துரு மட்டும் பயப்பட வேண்டியதில்லை, சில பிரேக்கில் போய்விடும்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதியில் முன் பிரேக் லிவர் தளர்ந்து உள்ளே போய்விட்டது. அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்றபின் சரியானது. இனி பயமில்லையா?
(வாசகர், சேலம்)

பதில்: பயம் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியதில் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவிக் குமிழி சுருங்கும். அதனால்தான் லிவர் உள்ளே போனது. லிவர் இறுக்கமாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்காமல் போயிருந்தால் அது பேடு சூடேறிப் பிடிப்பிழந்தது. இரண்டையும் பிரித்தறிவது முக்கியம், வைத்தியம் வேறு வேறு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3-க்கு இவை 205, 140. உங்கள் வண்டிக்கு எது என்று டப்பா மூடியிலேயே அச்சிட்டிருக்கும். இப்போதே முழு ஆயிலையும் மாற்றி, பிரேக் ஹோஸில் உள்ள காற்றை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து நாளான பாட்டிலில் மிஞ்சியதை ஊற்றவிடாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், டாட் 3, 4-உடன் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் போய்விடும்.

இறங்கும்போது இரண்டாவது அல்லது முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கட்டும். வளைவுக்கு முன் பிரேக்கை உறுதியாகப் பிடித்து வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் கொதிக்கவைக்கும். லிவர் தளர்வதாகத் தெரிந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

கேள்வி: டிஸ்க்கை எப்போது மாற்றுவது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். பேடு உரசும் பட்டையில், விளிம்பில் நிற்கும் மேட்டைத் தவிர்த்து, மைக்ரோமீட்டரால் நான்கைந்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் அந்த அளவுக்குக் கீழே போயிருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது லிவர் விட்டுவிட்டுத் துடித்தால், கனம் இருந்தாலும் டிஸ்க் கோணியிருக்கலாம்.