சுரங்கத்துக்குள் ரோமாபுரி: வாசகர் கேள்வி–பதில்

ருமேனியாவின் ரோமானியக் கோட்டைகளையும் சுரங்கங்களையும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் குழுப் பயணம் பற்றி வட சென்னை வாசகர்கள் கேட்டவை.

*ஆல்பா யூலியா கோட்டை, ரோஷியா மொன்டானா தங்கச் சுரங்கம், துர்தா உப்புச் சுரங்கம் என்று டூர்காரர் மூன்று இடம் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு 64 வயது, முட்டிவலி உண்டு. மூன்றுக்கும் கூட்டிப் போகலாமா? — வாசகி, தண்டையார்பேட்டை*

ஆல்பா யூலியாவுக்குத் தாராளமாகப் போகலாம். ரோமானியரின் 13ஆம் ஜெமினா படை தங்கிய முகாமின் மேல் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய நட்சத்திரக் கோட்டை அது. எல்லாம் தரைக்கு மேலேதான். கல் பாவிய தெருவில் மெதுவாக நடந்தால் போதும்.

துர்தாவில் யோசிக்க வேண்டும். லிப்ட் இருக்கிறது என்று டூர்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது ருடால்ஃப் என்ற 42 மீட்டர் ஆழக் கூடத்தில் இறங்க மட்டும்தான். அந்தக் கூடம் வரை வந்து சேரவும் படி உண்டு. விடுமுறை நாளில் லிப்ட்டுக்கு நீளமான வரிசை நிற்கும். பொறுமை இழந்து 13 அடுக்குப் படியில் இறங்கினால், அன்று இரவு முட்டி பேசும்.

ரோஷியா மொன்டானாவில் அம்மா மேலேயே இருக்கட்டும். ரோமானியக் குடைவுகளுக்குள் போக நூற்றைம்பதுக்கு மேல் படி இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். இறங்கும்போது முட்டி, ஏறும்போது மூச்சு. நடுவில் 'வேண்டாம்' என்று திரும்பினால் மொத்தக் குழுவும் நிற்கும். பணம் கட்டுமுன் டூர்காரரிடம் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: உள்ளே வராதவர் எங்கே உட்காருவார், கூட யார் இருப்பார்?

உங்களுக்கே சந்தேகம் இருந்தால் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் எஸ்கலேட்டரை விட்டுவிட்டு, தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படியில் இறங்கி ஏறிப் பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து முடிந்தால் பயமில்லை. உள்ளே போனதும் வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக நில்லுங்கள். மெதுவாக நடப்பவர் கடைசியில் நின்றால் இடைவெளி விழும். அதைப் பிடிக்க ஓடும்போதுதான் கால் இடறும்.

*ஜூலையில் போகிறோம். கோடைக்காலம்தானே, ஸ்வெட்டர் எதற்கு? — வாசகர், வியாசர்பாடி*

வெளியே கோடை, உள்ளே 10 முதல் 12 டிகிரி. துர்தாவில் ஆண்டு முழுக்க அதே குளிர்தான். சென்னையில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்து பழகிய உடம்புக்கு ஒரு மணி நேரமே அதிகம். பலரும் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தும் பஸ்ஸிலேயே விட்டுவிடுகிறார்கள். இறங்கிய பிறகு எடுக்க முடியாது. முழுக்கை பனியன், அதன்மேல் ஜாக்கெட், தலைக்கு ஒரு பருத்தித் துண்டு (ஹெல்மெட்டைப் பலர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்) போதும். சேலை வேண்டாம், சுடிதாரில் துப்பட்டாவும் வேண்டாம். தேய்ந்த அடிப்பாகம் உள்ள ஷூ ஈரப்படியில் வழுக்கும். இன்ஹேலர் பயன்படுத்துபவர் அதைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்கவும்.

மேலே ஏறி வந்ததும் மூக்குக்கண்ணாடியிலும் கேமரா லென்ஸிலும் பனி படியும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான காற்று பட்டால் அப்படித்தான். கேமராவை உள்ளேயே ஜிப் கவரில் மூடி, வெளியே வந்து பத்து நிமிடம் கழித்துத் திறவுங்கள்.

*வழிகாட்டி எதைக் காட்டினாலும் 'ரோமானியர் வெட்டியது' என்பாராமே. நாமே கண்டுபிடிக்க வழி உண்டா? — வாசகர், திருவொற்றியூர்*

உண்டு. முதலில் துர்தாவைக் கழித்துவிடுங்கள். அந்த ஊரில் ரோமானியருக்குப் பொட்டாய்சா என்ற படைமுகாம் இருந்தது உண்மை. ஆனால் நீங்கள் இறங்கும் பிரம்மாண்ட உப்புக் கூடங்கள் 17ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிறகும் வெட்டியவை.

ரோஷியா மொன்டானாவில் சுவரைப் பாருங்கள். பாதியாகப் பிளந்த குழாய் போல நீளமான பள்ளம் தெரிந்தால் அது வெடிமருந்து வைக்கத் துளைத்த துவாரத்தின் மிச்சம். அது ரோமானியர் வேலையே அல்ல. அவர்கள் குடைவு ஆள் உயரம்தான் இருக்கும், குறுக்குவெட்டு சரிவகமாக இருக்கும், சுவர் நெடுக உளிக்கோடு வரிசையாக ஓடும். விளக்கு வைக்கக் குடைந்த சின்ன மாடம் ஒன்றாவது கண்ணில் படும். நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றிப் பிளக்கும் முறையால் வழவழப்பான, வளைந்த கூரை உருவாகும். அதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. ரோமானியருக்கு முன்னும் பின்னும் அந்த முறை இருந்தது.

இங்கே கிடைத்த மெழுகுப் பலகைகளை (மெழுகு பூசி அதில் கீறி எழுதிய மரப்பலகைகள்) பற்றி வழிகாட்டியிடம் கட்டாயம் கேளுங்கள். கி.பி. 131 முதல் 167 வரையிலான ஒப்பந்தங்கள் அவை. 164இல் எழுதிய ஒன்றில், மெம்மியஸ் என்ற தொழிலாளி 70 தெனாரியஸும் (ரோமானிய வெள்ளி நாணயம்) சாப்பாடும் என்று பேசித் தங்கச் சுரங்க வேலைக்குச் சேர்கிறான். சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து வேலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி பிடித்தம். 2021இல் இந்த ஊரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலிலும் அப்போதே சேர்த்தது.

*விசா? — வாசகர், காசிமேடு*

ருமேனியா இப்போது ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள்.

*எழும்பூர் மியூசியத்தில் உள்ள ரோமானிய நாணயங்கள் இந்தச் சுரங்கத் தங்கமா? — வாசகி, பெரம்பூர்*

பெரும்பாலும் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பவை ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து நாணயங்கள். திபேரியஸ் இறந்தது கி.பி. 37. ருமேனியப் பகுதியான தாசியாவைப் பேரரசர் டிராஜன் பிடித்ததோ 106இல். தவிர, நம் பக்கம் கிடைத்தவற்றில் வெள்ளியே ஏராளம். மியூசியத்துக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.