புதுத்தண்ணீர் என்று நினைத்து நிற்காதீர்கள்

மலேசியாவில் கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஞாயிறு மட்டும்தான் லீவு. காலையில் காடு, அருவி என்று நடந்துவிட்டு, வழியில் உள்ளூர் கடையில் நல்ல சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் அறைக்குத் திரும்பும்படி இடங்கள் சொல்லுங்கள். எந்தப் பாதை, எவ்வளவு செலவு, என்ன ஷூ, எந்தச் செயலி?"

தம்பி, ஷூவையும் செயலியையும் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவும் பெரிதில்லை, பெட்ரோலுக்கும் ரொட்டிக்கும் கோப்பிக்கும் எவ்வளவு ஆகிவிடப்போகிறது. எனக்குச் சொல்ல இருப்பது தண்ணீரைப் பற்றி. அதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் ரொட்டிக்கு வாருங்கள்.

நான் திருவாரூர் பக்கம். 1999-இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டுக்காரர் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், செம்பனைக் குலை ஏற்றும் லாரி. தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு அறை வீடு, முன்னால் ஒரு மாமரம், விடியுமுன்னே வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் சனங்களின் பேச்சுச் சத்தம். நான் யாரோடும் பேசவில்லை. காலையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "பசியாறிட்டியா புள்ள?" என்று கேட்பார்கள். என்னைப் பட்டினி கிடக்கிற வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார்களோ என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அன்பாக விசாரிக்கிறார்கள், இங்கே அதற்கு அதுதான் சொல் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. எனக்கு அவர்கள் வைத்த பேர் 'ஊர்க்காரப் புள்ள'. இங்கே ஊர் என்றால் இந்தியா.

வந்து ஒரு மாதம் இருக்கும், ஐப்பசி. நான் அழுதழுது முகம் வீங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். என் கொழுந்தன், நாத்தனார், பக்கத்து லயத்துப் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர். மலையடிவாரத்தில் காட்டாறு. கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் கூழாங்கல் எண்ணலாம். நடுவில் ஒரு பெரிய தட்டைப் பாறை. அதில் பாயை விரித்து, ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். தலைக்கு மேல் நல்ல வெயில். தூரத்தில் மலைமுகட்டில் மட்டும் கரிய மேகம் உட்கார்ந்திருந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. முதலில் தேநீர் நிறம், பிறகு பால் விட்ட கோப்பி நிறம். காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது தம்பி. நான் டெல்டாக்காரி. மேட்டூரில் ஜூன் 12-இல் அணை திறந்தால், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நாள் எண்ணிக் காத்திருப்போம். சருகும் நுரையுமாகக் கலங்கி வரும் அந்த முதல் தண்ணீரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். பதினெட்டாம் பெருக்குக்குக் காப்பரிசியும் காதோலைக் கருகமணியும் கொண்டுபோய்ப் படைப்போம். இங்கேயும் புதுத்தண்ணீர் வருகிறது என்று நான் எழுந்து நின்று கைகூப்பினேன்.

அத்தை என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். நிஜமாகவே கொண்டையை. "ஏ புள்ள, ஏறு, மேல ஏறு!" என்று ஒரு கத்தல். பிள்ளைகள் எல்லாம் இதற்குப் பழகியவர்கள், எனக்கு முன்னால் கரையேறிவிட்டார்கள். நான் வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். பாய், செருப்பு, ரொட்டிப் பொட்டலம் எல்லாம் போயிற்று. பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. மரம் முறிகிற சத்தம், கல்லோடு கல் உருளுகிற சத்தம்.

இதற்கு மலாயில் 'கெப்பாலா ஆயேர்' என்று பேர். தண்ணீரின் தலை. மேலே திதிவங்சா மலைத்தொடரில் மழை கொட்டும், கீழே உங்களுக்கு வெயில் காயும். நம் காவிரிக்கு மலையிலிருந்து வயல்வரை நூற்றுக்கணக்கான மைல், நடுவில் அணை, மதகு, கதவணை என்று கட்டுப்பாடு. இந்த ஆறுகள் செங்குத்தாக இறங்குகிற குட்டை ஆறுகள். பெய்த மழை ஊறவோ தங்கவோ இடமில்லை. சின்ன ஓடைகளெல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றாகச் சேரும். மேலே எங்கேயாவது விழுந்த மரம் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்து உடைந்தால் இன்னும் மோசம். அதனால் தலைக்கு மேல் இருக்கிற வானத்தைப் பார்க்காதீர்கள், மலைமுகட்டைப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ அந்த நொடியே கரையேறுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். கைப்பேசி போனால் போகட்டும். ஏறும்போது நீங்கள் வந்த கரைக்கே ஏறவேண்டும் என்றுகூட இல்லை, எது பக்கமோ அதில் ஏறி, தண்ணீர் வடிகிறவரை மணிக்கணக்கானாலும் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

நீங்கள் இருக்கிற ஊரின் கதையே தண்ணீர்க் கதைதான். ஊருக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஓர் இடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். உடைந்த அணை என்று அர்த்தம். 1883 அக்டோபரில் அங்கே இருந்த அணை உடைந்து பழைய கோலகுபுவை வாரிக்கொண்டு போயிற்று. மாவட்ட அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் ரேங்கிங்கும் செத்துப்போனார். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த சாபம் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். அதற்குப் பிறகும் ஊர் அங்கேயே இருந்து, மேலும் மேலும் வெள்ளம் பட்டுத்தான் மேட்டில் புது ஊர் கட்டினார்கள். 'பாரு' என்றால் புதிது. மண்ணும் அப்படித்தான். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில், இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் காலிப் பக்கம் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள் மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் மாண்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் இந்த நாலு மாதமும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வராத நாள் குறைவு. அதனால் விடிந்ததும் நடக்க ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆற்றை விட்டு வெளியே இருக்கவேண்டும். இங்கே ஏழு மணிக்குத்தான் பளிச்சென்று விடியும். 1982-இல் கிழக்கே இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களோடு சேர்த்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள், அதனால்தான்.

இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிங் அருவிக்குப் போக ஒரே ஆற்றை ஐந்தாறு தடவை இறங்கிக் கடக்கவேண்டும். கெளா மீன்களைப் பாதுகாக்கிற ஆறு அது, தூண்டில் கொண்டுபோகாதீர்கள். திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். மழைக்குறி இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். புக்கிட் குத்து மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். குத்து என்றால் மலாயில் பேன். வெள்ளைக்காரர்கள் மேலே கட்டிய பங்களாவில் இப்போது புகைபோக்கி மட்டும் நிற்கிறது. முழு நாள் ஏற்றம், வந்து இரண்டு மாதத்தில் வேண்டாம், கால்களைப் பழக்கிக்கொண்டு போங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். மலைவழி தெரிந்த 'மாலிம்' ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பாதை தொடங்குவது பெர்தாக்கில், தெமுவான் பூர்வகுடிகளின் கம்பத்தில், அதாவது கிராமத்தில். அது அவர்கள் வீட்டு வாசல். சிரித்த முகமாக 'செலாமாட் பாகி', காலை வணக்கம், சொல்லுங்கள். டுரியான் கீழே கிடக்கிறதே என்று எடுத்து வாயில் போடாதீர்கள், அந்த மரத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. அட்டை கடித்தால் செத்துவிடமாட்டீர்கள். காலுறையில் புகையிலைத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

எனக்கு மனசு கொதிக்கிற விஷயம் ஒன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாறு காடியில், அதாவது காரில், வருவார்கள். ஆற்றின் நட்டநடுவில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். ஆற்றின் இரைச்சல் மாறுவது அந்தப் பாட்டில் எப்படிக் கேட்கும்? கரையில் நிற்கும் தோட்டத்துப் பெரியவர் "தம்பிகளா, மேல வாங்க" என்று கூப்பிட்டால், 'இவர் தமிழ் ஒரு மாதிரி இருக்கிறதே' என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என் காதுபடவே கேட்டிருக்கிறேன். அந்தப் பெரியவரின் அப்பனும் பாட்டனும் இந்த மலையடிவாரத்துக் காட்டை அழித்து, கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், நட்டு, அட்டைக்கும் மலேரியாவுக்கும் ரத்தம் கொடுத்தவர்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் என்கிற குடியிருப்புப் பேட்டை வீடு வந்தது, ஆற்றைப் பற்றிய அறிவு மட்டும் அவர்களிடம் அப்படியே இருக்கிறது. பத்து வருஷம் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு, பத்து வார்த்தை மலாய் பேச வராதவர்களையும் எனக்குத் தெரியும். நான் ஆறு மாதத்தில் பாசாரில் மீன்காரியோடு விலை பேசினேன். நிரந்தர வசிப்பிட அட்டைக்காக ஓர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் படியேறியதும் அந்த மலாயை வைத்துத்தான்.

தம்பி, பாஸ்போர்ட்டை உங்கள் கையிலேயே வைத்திருக்கிறீர்களா? முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966-ஆம் வருஷக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். சாலையில் சோதனை வரும், காட்டுக்குப் போகும்போதும் நனையாத உறையில் போட்டு எடுத்துப்போங்கள். உள்ளே பல இடங்களில் 999 அடிக்கச் சிக்னலே இருக்காது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அறையில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி ரொட்டி. நீங்கள் தேடுகிற சாண்ட்விச் சீனர் கோப்பிக்கடையில் இருக்கிறது, அங்கே வேறு பேர். 'ரொட்டி கஹ்வின்' என்று கேளுங்கள். கல்யாண ரொட்டி. இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு பக்கம் காயா, ஒரு பக்கம் கனமான வெண்ணெய்த் துண்டு, இரண்டுக்கும் கல்யாணம். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் ரம்பை இலையும் சேர்த்துக் கிளறியது. முட்டை சேராதவர் என்றால் அதைத் தொடாதீர்கள். சுட்டுத் தந்தால் 'ரொட்டி பாக்கார்'. நடந்து களைத்து வந்து, அரைவேக்காட்டு முட்டையும் கறுப்புக் கோப்பியுமாக அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். நீள ரொட்டியில் முட்டையும் கொத்துக்கறியும் வெங்காயமும் சேர்த்துக் கல்லில் பொரிக்கிற 'ரொட்டி ஜான்' சாயங்காலக் கடைகளில் கிடைக்கும், நோன்பு மாதத்துப் பாசாரில் நிச்சயம் இருக்கும்.

காட்டுக்குள் கொண்டுபோக நான் கட்டுவது சார்டின் ரொட்டி, அத்தை கைப்பக்குவம். தக்காளிக் குழம்பில் வருகிற டின் சார்டினை முள் எடுத்து மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், சிலி பாடி என்கிற காரமான குட்டி மிளகாய், கஸ்தூரி எலுமிச்சைச் சாறு. குழம்பை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டி ஊறிப்போகும். வெள்ளரித் துண்டு வைத்து வாழையிலையில் சுற்றிப் பழைய பத்திரிகைத் தாளில் மடியுங்கள். இந்தப் புழுக்கத்தில் பத்து, பத்தரைக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். தாளைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

அன்றைக்கு ஆறு கொண்டுபோன பொட்டலத்திலும் சார்டின் ரொட்டிதான் இருந்தது. தண்ணீர் வடிய நேரமாயிற்று. வெறுங்காலோடு, நனைந்த சேலையோடு, செம்பனைக்கு நடுவில் மண்சாலையில் நடந்தோம். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. எனக்கு நடுக்கம் நிற்கவில்லை. அத்தை என் கையை விடவே இல்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்போது பின்னாலிருந்து 'பாம் பாம்' என்று ஆரன் சத்தம். ரொட்டிக்காரர். அந்தக் காலத்தில் லயம் லயமாக மோட்டார் சைக்கிளில் வருவார், பின்னால் பெட்டி, பெட்டியைச் சுற்றிலும் முறுக்கும் பிஸ்கட்டும் சரம் சரமாகத் தொங்கும். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. மோட்டாரை நிறுத்தி, முழு ரொட்டி ஒன்றை எடுத்துக் கத்தியால் தடித்தடியாக அறுத்து, டின்னிலிருந்து காயாவை வழித்துத் தடவி ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். சம்பளத்துக்குப் பார்த்துக்கலாம் ஆத்தா என்றார்.

கடைசித் துண்டை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார். "பசியாறிட்டியா, ஊர்க்காரப் புள்ள?"

"இன்னும் இல்லண்ணே" என்றேன்.