ஊனோ இருக்க ராஸ்பெர்ரி பை எதற்கு?

கேள்வி: வணக்கம் சார். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறாள், 5 கட்டையில் பாடுவாள். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பஸ்ஸர் மாட்டி ச ரி க ம வாசிக்க வைத்தாள். கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி கேட்கிறது. நல்ல சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் வாத்தியம்) செய்ய ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாள். வாங்கித் தரலாமா? (வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஊனோவே போதும். குறை போர்டில் இல்லை, அவள் பயன்படுத்தும் டோன் கட்டளையில்தான். அது போர்டின் இணைப்புப் பின் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் பூஜ்யத்துக்கும் மாற்றி மாற்றித் தள்ளும். அப்படி வரும் சதுர அலையில் மூல சுருதியோடு அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் தூக்கலாக ஒலிக்கும். காதைக் குத்துவது அதுதான்.

ஒரு சைன் அலையை 256 எண்களாக எழுதி வைக்கச் சொல்லுங்கள், எல்லாம் 0 முதல் 255-க்குள். டைமர் இன்டரப்ட் (குறித்த நேரத்துக்கு ஒரு முறை மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் சின்ன நிரல்) வினாடிக்கு 16,384 முறை அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்து 9-ஆம் பின்னின் பிடபிள்யூஎம்-க்குக் (பின்னை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து இடைப்பட்ட வோல்ட்டைத் தரும் முறை) கொடுக்க வேண்டும். மோஸி என்ற இலவச லைப்ரரி இதைச் செய்து தரும். ஆனாலும் முதல் தடவை அவளே எழுதட்டும், ஏனென்றால் ருசியான இடம் இனிமேல்தான் வருகிறது.

எந்த எண்ணை எடுப்பது? 16 பிட் கவுண்டர் ஒன்று (65,535-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும் எண்) வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கூட்ட வேண்டும். அதன் மேல் 8 பிட்தான் அட்டவணையில் எந்த இடம் என்று சொல்லும். இந்த வேகத்தில் கூட்ட வேண்டிய தொகை, அதிர்வெண்ணைப் போல் சரியாக 4 மடங்கு. 5 கட்டை சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், ஆக 784. பஞ்சமம் அதில் ஒன்றரை மடங்கு, 1176. அந்தர காந்தாரம் ஒன்றேகால் மடங்கு, 980. அதாவது 245 ஹெர்ட்ஸ். கடையில் வாங்கும் கீபோர்டில் அதே காந்தாரம் கிட்டத்தட்ட 247-இல் நிற்கும்; பாடிப் பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும். இவள் வாத்தியத்தில் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பது இவள் கையில். 784-இலிருந்து 1176 வரை ஒவ்வொன்றாக ஏற்றினால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் ஜாருவும் வந்துவிடும். பாடுகிற பிள்ளை சொந்தமாக ஒரு சின்தசைசர் செய்ய இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சர்க்யூட் சின்னதுதான். எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் "473 கப்பாசிட்டர்" என்று நம்பர் சொல்லிக் கேளுங்கள், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 9-ஆம் பின்னிலிருந்து 1 கே ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இந்தக் கப்பாசிட்டர். சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் இரைச்சலை இது அடக்கும். அங்கிருந்து 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், 10 கே வால்யூம் கன்ட்ரோல், பிஏஎம்8403 ஆம்ப் போர்டு, அப்புறம் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் ஆம்ப் போர்டுக்கே போக வேண்டும், ஒன்றைக் கிரவுண்டில் சேர்த்துவிடக் கூடாது. ஆம்ப் இல்லாமல் 8 ஓம் ஸ்பீக்கரை நேராகப் பின்னில் மாட்டவே கூடாது. பின்னின் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர், போர்டு போய்விடும்.

பல குரல்கள், எதிரொலி என்று ஆசை வளரும்போது ராஸ்பெர்ரி பை வாங்கலாம். ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருள் அதில் நன்றாக ஓடும். ஆனால் அதில் திருகு குமிழை நேராக இணைக்க முடியாது, குமிழின் வோல்ட்டை எண்ணாக மாற்றித் தர எம்சிபி3008 மாதிரி ஒரு சிப் வேண்டும். பை 5-இல் ஹெட்ஃபோன் ஜாக்கும் இல்லை.

கேள்வி: ஊனோவில் இதே மாதிரி சைன் அட்டவணை வைத்து, திருகு குமிழும் மாட்டி ஒரு சின்தசைசர் செய்தேன். சுரம் மாறும்போதெல்லாம் "டிக்" என்று ஒரு சத்தம். குமிழைத் திருகினால் கரகர. ஸ்பீக்கரை மாற்றியும் போகவில்லை. (வாசகர், கே.ஆர். புரம், பெங்களூரு)

பதில்: ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. சுரம் மாறும்போது கவுண்டரைப் பூஜ்யமாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அலை நடுவில் அறுந்து குதிக்கிறது, அதுதான் டிக். கூட்டும் தொகையை மட்டும் மாற்றுங்கள். கரகரப்புக்கு வேறு காரணம்: குமிழின் நிலையைப் படிக்கும் அனலாக்ரீட் கட்டளை ஒரு முறை படிக்க சுமார் 0.1 மில்லிவினாடி எடுக்கும், உங்கள் அலைக்கோ 0.06 மில்லிவினாடிக்கு ஒரு முறை எண் வேண்டும். இரண்டையும் ஒரே லூப்பில் வைத்தால் எண்கள் தவறும். அலையை டைமர் இன்டரப்டுக்குள் கொண்டுபோங்கள், குமிழ் லூப்பிலேயே இருக்கட்டும்.