கரையோரக் கேள்வி-பதில்: அறுந்ததா, அறுத்தார்களா?

பதில்கள்: ஓய்வு பெற்ற தொலைபேசி லைன்மேன், பாம்பன்

2021 அக்டோபரில் ஓர் இரவு வாட்ஸ்அப் அடியோடு நின்றுபோனது. நண்டு விலை கேட்கக் கம்பெனிக்காரரைப் பிடிக்க முடியவில்லை. அரசாங்கம் நிறுத்திவிட்டது என்று கரை முழுக்கப் பேச்சு. இப்போதும் நெட் நின்றால் அதே பேச்சுதான். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?
— நண்டு வியாபாரி, சின்னப்பாலம்

அன்று நம் அரசாங்கம் ஒரு பாவமும் அறியாது. அக்டோபர் 4, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்தன. மூன்றுக்கும் முதலாளி ஒரே அமெரிக்கக் கம்பெனிதான். தங்கள் கணினி மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைப் பராமரிக்கும்போது அவர்கள் கொடுத்த ஒரு கட்டளை, அந்த வலையையே மொத்தமாகத் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. அதன் பிறகுதான் வேடிக்கை. ‘எங்களிடம் வர இதுதான் வழி’ என்று உலகத்துக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்த அவர்களுடைய பெயர்ச் சேவையகங்கள் (தளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் கணினிகள்), மையங்களோடு பேச முடியாததால் அந்த அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. பாம்பன் தூக்குப்பாலத்தைத் தூக்கிய நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மண்டபமும் இருக்கிறது, ராமேஸ்வரமும் இருக்கிறது, ரயிலுக்குத்தான் வழியில்லை.

சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களுக்கும் உள்ளே நுழைய வழியில்லை. அவர்களுடைய கருவிகளும் அதே வலையில்தான் ஓடின. ஆட்களை நேரில் அனுப்பினால், கட்டடத்தின் பாதுகாப்பைத் தாண்டி இயந்திரத்தில் கை வைக்கவே நேரம் பிடித்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம். சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற புத்திசாலிகள் அமெரிக்காவிலும் உண்டு என்று அன்று தெரிந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாட்ஸ்அப் மட்டும் நின்று, ரயில் டிக்கெட் பக்கமும் வானிலைப் பக்கமும் திறந்தால், பெரும்பாலும் கோளாறு அந்தக் கம்பெனியில். உங்கள் சிம்மில் எதுவுமே வராமல் பக்கத்துக் கடைக்காரரின் வேறு கம்பெனி சிம்மில் வந்தால், டவரிலோ கேபிளிலோ பழுது. இந்தத் தீவில் அதற்குப் பஞ்சமே இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் உப்புக்காற்றில் செம்புக் கம்பியின் ஜாயின்ட்டுகளில் களிம்பு ஏறி, மழை தூறினாலே பாதி ஊருக்கு டயல் டோன் போய்விடும். பேச்சும் வராமல் நெட்டும் வராமல் போனால், டவருக்கு மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் எல்லாக் கம்பெனிகளின் நெட்டும் ஒரே நேரத்தில், மாவட்ட எல்லையோடு கோடு கிழித்தது மாதிரி நின்று, சாதாரண அழைப்பு மட்டும் போனால், அங்கே ஓர் உத்தரவு இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அக்டோபர் 4 அன்றும் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் போய்க்கொண்டுதான் இருந்தன. நண்டுக் கம்பெனிக்காரரின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் அம்மா.

வதந்தி பரவாமல் இருக்க அரசு இணையத்தை நிறுத்துவதில் என்ன தப்பு? டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறேனே, வருவதெல்லாம் பொய்.
— டீக்கடைக்காரர், சாயல்குடி

உங்கள் ஊரிலிருந்து தெற்கே கொஞ்சம் போனால் வேம்பார், தூத்துக்குடி மாவட்டம். 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. நம் மாவட்டம் அதில் இல்லை. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தேட வேண்டிய வாரம் அது. அந்த வாரத்தில் வதந்தி நின்றதா? வாய் வழியாக வந்தது; சரிபார்க்கத்தான் வழியில்லை. பொய்யை நிறுத்துகிறோம் என்று மெய்யையும் சேர்த்து நிறுத்துகிற வேலை இது. எனக்கு இதில் சம்மதமில்லை.

ஆனாலும் உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். கலவர நேரத்தில் ஒரு பொய்க் காணொளி வீட்டைக் கொளுத்தும். அதனால்தான் சட்டம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, கூடவே கட்டும் போட்டிருக்கிறது. மத்திய அரசிலோ மாநில அரசிலோ உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும். தவிர்க்க முடியாத நேரத்தில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத, அதற்கென்று அதிகாரம் பெற்ற அதிகாரி உத்தரவிட்டு, 24 மணி நேரத்துக்குள் மேலே ஒப்புதல் பெற வேண்டும். காரணத்தை எழுத வேண்டும். ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் செல்லாது. மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். காஷ்மீரில் இணையத்தை நிறுத்தியதை எதிர்த்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையில்லாமல் நிறுத்துவது செல்லாது, உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும் என்று சொன்னது. அப்படிச் சொன்ன பிறகும் அங்கே முழு வேக 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். 2024 நவம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று இருக்கிறது.

ஆகவே நாளை நம் ஊரில் நின்றால், ‘மேலிடத்து உத்தரவு’ என்று கவுன்ட்டரில் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். எந்தத் தேதி, யார் கையெழுத்து, எந்தத் தாலுகா வரை, எத்தனை நாள் என்று கேளுங்கள். காகிதம் இருந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். இல்லையென்றால் அது சட்டப்படியான தடையே இல்லை.

மன்னாரில் இருக்கும் அக்காவோடு 2022 ஏப்ரலில் திடீரென்று பேச முடியாமல் போனது. வேறு நாட்டுச் சேவையகம் வழியாகச் சுற்றிப் போகும் விபிஎன் செயலியைப் போட்டால் பேசலாம் என்றான் மகன். அது குற்றமா? அரிச்சல்முனைக்குப் போனால் போன் இலங்கை சிக்னல் காட்டுகிறதே, அந்த நாட்டுத் தடை நமக்கும் வருமா?
— வாசகி, மண்டபம் முகாம்

அந்த மாதத்தை நீங்கள் மறக்க முடியாது. பொருளாதாரம் சரிந்து, மார்ச் கடைசியிலேயே குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. ஏப்ரல் 3 அன்று ஊரடங்கோடு சேர்த்துச் சமூக ஊடகங்களையும் இலங்கை அரசு முடக்கியது. தடையைக் கேட்ட பாதுகாப்பு அமைச்சுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு சொன்னது. அன்றே தடை விலகியது. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, விபிஎன் இருக்கும்போது இந்தத் தடை வீண், தானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன் என்று ட்விட்டரில் எழுதினார். வேறு நாட்டில் இருந்தால் இதை நகைச்சுவைத் துணுக்கு என்றுதான் நினைத்திருப்பேன்.

இந்தியாவில் சாதாரண ஆள் விபிஎன் பயன்படுத்துவதைப் பொதுவாகக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. காஷ்மீரில் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை போட்டிருக்கிறார்கள். விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது. அதனால் சில கம்பெனிகள் இங்கிருந்த சேவையகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இலவச விபிஎன் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். உங்கள் போக்குவரத்து முழுவதும் அவர்கள் கை வழியாகத்தான் போகிறது.

அரிச்சல்முனையில் போன் அந்தக் கரை டவரைப் பிடித்தால் அது ரோமிங். ரோமிங்கில் டேட்டா வழக்கமாக உங்கள் சொந்தக் கம்பெனிக்குத் திரும்பி வந்துதான் இணையத்துக்குள் போகும். ஆகவே இலங்கைத் தடை பெரும்பாலும் உங்களைத் தொடாது; பில் தொடும். அங்கே போகும்போது ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

நெட் இல்லாவிட்டால் புயல் செய்தி எப்படி வரும்?
— பாசி எடுக்கும் பெண், ஓலைக்குடா

வானொலி. பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 நமக்காகவே நடக்கும் சமுதாய வானொலி. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டைப் பாருங்கள். படகில் விஎச்எஃப் (கடலில் பேசும் கம்பியில்லாக் கருவி) இருந்தால் 16ஆம் சானல். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டுக்கும் நெட் வேண்டாம்.

இப்படியெல்லாம் எழுதினால் உங்கள் கேள்வி-பதில் பகுதியையே தடை செய்துவிட மாட்டார்களா?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி இணையத்தில் எதையும் முடக்கலாம் தம்பி. 2009 விதிகளின்படி அந்த உத்தரவு ரகசியம். பல நேரம் எழுதியவனுக்கே காரணம் தெரியாது. இணையத்தையே நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், ஒரு பக்கத்தை முடக்கும் உத்தரவை மறைக்க வேண்டும். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் பகுதியைப் பொறுத்தவரை யாரும் சிரமப்பட வேண்டாம். சென்ற மாத இதழே ஓலைக்குடாவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லையாம்.