முழங்கால் தண்ணீரும் பெட்ரோல் ஜீப்பும்: வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை பெட்ரோலில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். டீசல்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது.

என்னுடையது பழைய கார்புரேட்டர் ஜிப்ஸி. தெருவில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். என்ஜினைத் தொடுவதற்கு முன்பே வண்டி இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. இது என்ன கம்ப்ளெய்ன்ட்? (வேளச்சேரி)

தண்ணீர் கீழிருந்து ஏறி வரவில்லை. உங்கள் ரேடியேட்டர் விசிறியே அதை அள்ளி என்ஜின் மேல் அடிக்கிறது. ஜிப்ஸியின் விசிறி பெல்ட்டில் ஓடுவது, என்ஜின் சுற்றும் வரை அதுவும் சுற்றும். இறக்கையின் நுனி தண்ணீரைத் தொட்டால் போதும், பிளக் வயர், காயில், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) எல்லாவற்றின் மேலும் சாரல் விழும்.

பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி அனுப்புகிறது. அந்த மின்சாரம் பிளக் முனையின் இடைவெளியில்தான் பாய வேண்டும். ஆனால் வயரின் மேல்தோல் நனைந்திருந்தால் அதைவிடச் சுலபமான வழி கிடைத்துவிடுகிறது. ஈரத்தின் வழியாகவே ஓடி என்ஜின் பிளாக்கில் எர்த் ஆகிவிடும். நம் ஊர்த் தெருவில் நிற்பது வெறும் மழைநீர் இல்லை. சாக்கடையும் சேறும் கலந்த அந்தத் தண்ணீரில் மின்சாரம் இன்னும் நன்றாகவே கடக்கும். அரை மணி நேரத்தில் என்ஜின் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடுகிறது, அதனால் வண்டி தானாகக் கிளம்புகிறது.

வயர்கள் நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் சாரலைத் தாங்கும். உங்களுடையது தாங்கவில்லை. இன்று இரவே சோதித்துப் பாருங்கள். விளக்கில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரால் வயர்கள் மேல் லேசாகப் புகைபோலத் தண்ணீர் அடியுங்கள். கை எதிலும் படக்கூடாது. மோசமான வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஒன்றில் தெரிந்தாலும் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். சென்னை வெயிலில் ரப்பர் விறைத்துப்போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் பொருள்.

அடுத்து என்ஜினை அணைத்துவிட்டு டெல்கோவின் மூடியான கேப்பைக் கழற்றி, உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மெல்லிய சாம்பல் நிறக் கோடு போகிறதா? ஈரத்தில் பொறி ஓடி ஓடி பிளாஸ்டிக் கருகிய தடம் அது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காய்ந்த பிறகும் பொறி அதே தடத்தில்தான் ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. கேப்பையும் அதற்குள் சுற்றும் ரோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள், ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். பிளக் பக்கத்து ரப்பர் மூடியைப் பார்ப்பவர்கள்கூட காயில் தலையில் இருக்கும் மூடியை மறந்துவிடுகிறார்கள். அதுவும் இறுக்கமாக உட்கார வேண்டும்.

தண்ணீரில் இறங்கும்போது கிரில்லுக்கு முன்னால் ஒரு தார்பாயைக் கட்டி, நடக்கிற வேகத்தில் போங்கள். வண்டிக்கு முன்னால் ஒரு அலை எழும், அதன் பின்னால் என்ஜின் இருக்கும் இடத்தில் நீர்மட்டம் கொஞ்சம் தாழும். நடுவில் நின்றால் அந்தச் சலுகை போச்சு. ஏறியதும் தார்பாயை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. ஓடைகளில் இறங்குபவர்கள் விசிறி பெல்ட்டைத் தளர்த்துவதும் உண்டு. ஆனால் அதே பெல்ட்டில்தான் வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் ஓடுகின்றன, சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. தெருத் தண்ணீருக்கு அது வேண்டாம். எதிரே மாநகரப் பேருந்து வந்தால் ஓரமாக நின்று அதை விட்டுவிட்டுப் போங்கள். அது கிளப்பும் அலையில் நனையும் வண்டிகள்தான் அதிகம்.

டெல்கோ மேல் டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்கிறார்கள். உண்மையா? (அண்ணா நகர்)

பாதி உண்மை. அது ஈரத்தை விலக்குவதற்கென்றே செய்யப்பட்டது. நனைந்து நின்ற வண்டியைக் கிளப்ப உதவும். ஆனால் அது காப்புப் பூச்சு இல்லை. போன மாதம் அடித்தது இன்றைய மழைக்கு உதவாது. அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது என்பதால், கேப்புக்குள் அடித்தால் துணியால் துடைத்து, சில நிமிடம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். தெருவோரத்தில் சிலர் கேப்பில் பெட்ரோல் ஊற்றித் துடைப்பார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அறுபதுகளின் வில்லிஸ் பெட்ரோல் ஜீப் வைத்திருக்கிறேன். டெல்கோ முழுவதையும் ரப்பர் கையுறையால் மூடி, இடுக்குகளில் சிலிக்கோன் அப்பிவிடலாமா? (அம்பத்தூர்)

கையுறை சரி. விரல் நுனிகளை வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு வயரை விட்டு, மணிக்கட்டுப் பக்கத்தை டெல்கோவின் மேல் இழுத்துவிடுவது பல காலமாக நடப்பதுதான், சாரலுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. முழுக்க அப்பி அடைப்பதுதான் வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் டெல்கோவுக்குள் காற்று சூடாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் காற்று சுருங்கி, உள்ளே உறிஞ்சல் உண்டாகும். சூடு சாதம் போட்டு இறுக மூடிய டப்பாவைத் தண்ணீரில் வைத்தால் மூடி திறக்க வராது, பார்த்திருப்பீர்கள். அதே விசைதான். நீங்கள் எவ்வளவு அப்பியிருந்தாலும் எங்கோ ஒரு ஊசித்துளை இருக்கும், அதன் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வர வழியும் இருக்காது. மேலும் பொறி ஓடும் இடத்தில் ஓசோன் உருவாகும். அது வெளியேறாமல் தங்கினால் உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும்.

1950-களில் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த எம்38 ஜீப்பில் இதற்கு அழகான விடை இருக்கிறது. பற்றவைப்பு அமைப்பை முழுக்க மூடிவிட்டு, மூச்சு விட மட்டும் குழாய் போட்டு காற்று வழியோடு சேர்த்துவிட்டார்கள். உங்கள் ஜீப்பில் அவ்வளவு வேலை வேண்டாம். கேப் சேரும் விளிம்பில் மெல்லியதாக சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள், கீழே இருக்கும் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். முக்கியமாக, தண்ணீரில் இறங்கும் முன் என்ஜினை அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆற விடுங்கள். அந்த நேரத்தில் இறங்கி நடந்து ஆழத்தையும் பார்த்துவிடலாம்.

என்னுடையது புது மஹிந்திரா தார், பெட்ரோல். 650 மி.மீ. வரை இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. அப்படியானால் சென்னை மழைக்குக் கவலையே இல்லைதானே? (முடிச்சூர்)

650 மி.மீ. என்பது நிற்கிற தண்ணீரில், மெதுவாகப் போகும்போது. ஓடுகிற தண்ணீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிறிய கார்களை மிதக்கவைக்க ஓர் அடி ஓட்டம் போதும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துவிடும். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்து கொசஸ்தலையாற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும்போது உங்கள் வண்டியின் எண்ணைப் பார்க்காதீர்கள், போலீஸ் போட்ட தடுப்பைப் பாருங்கள். சுரங்கப்பாதையும் அப்படித்தான். ரங்கராஜபுரத்திலோ கணேசபுரத்திலோ நடுவில் எவ்வளவு ஆழம் என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது.

மின்சார விஷயத்தில் உங்களுக்கு வசதி அதிகம். இந்த மாதிரிப் புது என்ஜின்களில் டெல்கோ இல்லை, நீண்ட பிளக் வயரும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். அதற்குப் பதிலாக சென்சார்களும் கனெக்டர்களும் ஏராளம். ஒவ்வொரு கனெக்டரிலும் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சர்வீஸின்போது கழற்றி மாட்டுகையில் அது மடங்கியோ தொலைந்தோ போவதுதான் வழக்கமான கோளாறு. பூட்டு நாக்கு ‘டிக்’ என்று விழவில்லை என்றால் அந்த கனெக்டர் அடுத்த மழையில் தண்ணீர் குடிக்கும். ரப்பரில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். ஆக்சிஜன் சென்சாரின் கனெக்டரில் மட்டும் எதுவும் தடவாதீர்கள். புகையில் இருக்கும் ஆக்சிஜனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அது தன் வயர் வழியாகவே இழுக்கிறது.

இறங்கும் முன் ஏசியை அணைத்துவிடுங்கள். ஏசி ஓடினால் மின்விசிறியும் ஓடும். பிளாஸ்டிக் இறக்கை தண்ணீரில் சுற்றினால் முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரைக் கீறும், மோட்டாரும் புகையும்.

ஸ்நார்க்கல் போட்டுவிட்டேன். இனி ஆழமாகப் போகலாமா? (போரூர்)

ஸ்நார்க்கல் என்பது காற்று இழுக்கும் வாயை மேலே கொண்டுபோகும் குழாய், என்ஜினின் மூக்கை மட்டும்தான் உயர்த்துகிறது. காயிலும் ஃபியூஸ் பெட்டியும் என்ஜினின் கம்ப்யூட்டரான இசியூவும் பழைய உயரத்திலேயே இருக்கின்றன.

வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்து வண்டி உதறுகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஆற்றில்கூட இறங்கவில்லை! (தாம்பரம்)

ஆற்றைவிட அந்தப் பிரஷர் கன் கொடுமையானது. ட்வின் கேம் என்ஜின்களில் பிளக் ஒரு குழிக்குள் இருக்கும். பீய்ச்சிய தண்ணீர் காயிலின் ரப்பரைத் தாண்டிக் குழிக்குள் தேங்கியிருக்கும். என்ஜின் ஆறியதும் காயில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஒன்றின் தண்டு நனைந்தோ வெள்ளை பூத்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி. ஏர் கம்ப்ரஸரால் குழியை ஊதிக் காயவைத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். முதலில் கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். உதறலோடு ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் எரிந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விடும், அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

நடுத்தண்ணீரில் ஆஃப் ஆகிவிட்டால் உடனே செல்ஃப் அடிக்கலாமா? சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடும் என்கிறார்களே? (பெரும்பாக்கம்)

எப்படி நின்றது என்பதை முதலில் யோசியுங்கள். இழுத்து, உதறி, மிஸ்ஸாகி நின்றிருந்தால் பெரும்பாலும் பற்றவைப்பு நனைந்திருக்கிறது. தடால் என்று நின்றிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், அப்போது சாவியைத் தொடாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டும்போது கனெக்டிங் ராட் வளையும். எது என்று சந்தேகமாக இருந்தாலும் தொடாதீர்கள். சைலன்சரில் ஏறுகிற தண்ணீரைப் பிறகு வடித்துக்கொள்ளலாம்.

வண்டியைத் தள்ளியோ கயிறு கட்டியோ வெளியே எடுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நனைந்த கனெக்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருந்தால் பின்கள் வேகமாக அரிக்கும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும். காயில் கனெக்டர்களையும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பேட்டரியை மறுபடி மாட்டி, செல்ஃப் கொடுத்தால் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சும். ஆயில் வெளுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று: தண்ணீர் புகுந்த என்ஜினை மறுபடி மறுபடி சுற்றியதால் வந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்கென்று என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அதை எடுக்காமல் இருப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

டீசலில் இந்தத் தொல்லையே இல்லை என்று நண்பன் கிண்டல் செய்கிறான். (கோயம்பேடு)

மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் ஜீப் என்றால் அவர் சொல்வது நியாயம். அதில் பிளக்கும் பொறியும் கிடையாது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் சிஆர்டிஐ வண்டி என்றால் அவருக்கும் இசியூவும் சென்சாரும் உண்டு. காற்று வழியில் தண்ணீர் போனால் ராட் வளைவது இருவருக்கும் ஒன்றுதான்.

ஈசிஆர் கடற்கரையில் அலையோரம் ஓட்டினால் வயரிங்குக்கு என்ன ஆகும்? (திருவான்மியூர்)

உப்புத்தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பின்களையும் எர்த் முனைகளையும் மாதக்கணக்கில் அரிக்கும். அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தை, பிரஷர் இல்லாமல், கழுவ வேண்டும். ஆனால் நான் சொல்வது, இறங்கவே வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இதே மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன.

தண்ணீரைத் தாண்டி வீட்டுக்கு வந்தாயிற்று, வண்டி நன்றாகவே ஓடுகிறது. அப்புறமும் ஏதாவது பார்க்க வேண்டுமா? (குரோம்பேட்டை)

பிரேக்கை வழியிலேயே லேசாக மிதித்துக் காயவைத்திருப்பீர்கள். மறுநாள் ஆல்டர்னேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள். உள்ளே சேறு புகுந்திருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவிடுங்கள். செல்ஃப் கொடுக்கும்போது கரகரப்போ, ஓடும்போது ஆல்டர்னேட்டரில் கீச்சொலியோ கேட்டால் தள்ளிப்போடாமல் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஆக்ஸில். டெல்கோவுக்குச் சொன்ன உறிஞ்சல் இங்கேயும் உண்டு. ஆக்ஸிலில் இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியல் சூடாகத் தண்ணீரில் மூழ்கினால், மேலே இருக்கும் பிரீதர் என்ற மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும். வடி போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் சொட்டும், அதன் பிறகுதான் ஆயில் வரும். தண்ணீர் வந்தால் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி, பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் அடுத்த மழையில் இந்த வேலை இருக்காது. டியூபுக்கும் கிளிப்புக்கும் பெரிய செலவில்லை.